டச்பேடுக்கு எத்தனை வாசல்?
ஆட்டுச் சந்தை விரல் கணக்கும், லினக்ஸ் கேட்கும் ரகசியக் கேள்வியும்

சேலம் மாவட்டம் மேச்சேரி என்றதும் உங்களுக்கு என்ன நினைவுக்கு வரும்?

சிலருக்குப் பத்ரகாளியம்மன் கோவில். சிலருக்குப் பக்கத்தில் இருக்கும் மேட்டூர் அணை. ஆடு வளர்ப்பவர்களுக்கோ, மேச்சேரி ஆடு!

ஊர்ப் பெயரையே தன் பெயராகக் கொண்ட செம்மறி இனம் அது. பழுப்பு நிறம். உடலில் கம்பளி கிடையாது, குட்டை முடிதான். அதன் தோலுக்குத் தனி மதிப்பு. பக்கத்துப் பொட்டனேரியில் இந்த ஆட்டுக்கென்றே அரசாங்க ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது.

நம் நாட்டு ஆட்டுச் சந்தை, மாட்டுச் சந்தைகளில் ஒரு பழைய வழக்கம் உண்டு. விற்பவரும் தரகரும் கை கோத்துக் கொள்வார்கள். மேலே ஒரு துண்டைப் போட்டு மூடுவார்கள். வாய் திறக்காது. துண்டுக்குள்ளே விரல்கள் பேசும். ஒரு விரலைப் பிடித்தால் ஒரு கணக்கு. இரண்டைப் பிடித்தால் வேறு கணக்கு. சுற்றி நிற்பவர்களுக்குக் கை குலுக்குவது போலத்தான் தெரியும். அந்த மொழி தெரிந்தவருக்கு மட்டும் விலை தெரியும்.

"இதற்கும் கம்ப்யூட்டருக்கும் என்ன சம்பந்தம்?" என்று கேட்கிறீர்களா?

சம்பந்தம் இருக்கிறது. மேலே படியுங்கள்.

இரண்டு கிடா விற்ற பணம்

மேச்சேரியில் ஓர் ஆட்டுத் தரகர் வீடு. மகள் கல்லூரியில் படிக்கிறாள். படிப்புக்கு லேப்டாப் வேண்டும். புதியது வாங்க வசதி இல்லை. அப்பா இரண்டு கிடாக்களை விற்றார். சேலத்துக்குப் போய், ஏதோ ஒரு கம்பெனியில் உழைத்து ஓய்ந்த பழைய லேப்டாப்பை வாங்கி வந்தார்.

அதில் விண்டோஸ் 10 இருந்தது. 2025 அக்டோபர் 14-ந் தேதியோடு அதற்கு வழக்கமான பாதுகாப்புத் திருத்தங்கள் நின்றுவிட்டன. புதிய விண்டோஸ் 11 அந்தப் பழைய இயந்திரத்தில் ஏறவில்லை. கல்லூரியில் சொன்னார்கள்: "லினக்ஸ் போட்டுக்கொள். காசு கிடையாது. பழைய இயந்திரத்திலும் ஓடும்."

போட்டாள். ஓடியது. ஆனால் ஒரு தொல்லை.

விசைப்பலகைக்குக் கீழே விரலால் தடவும் சதுரம் இருக்கிறதே, அதுதான் டச்பேட். விரலை மெல்ல நகர்த்தினால் திரையில் அம்பு திடீரென்று துள்ளியது. இரண்டு விரலை வைத்தால் பக்கம் ஓடாமல் திணறியது. லேப்டாப்பை மூடித் திறந்தால் சில சமயம் அம்பு அசையவே இல்லை.

கடைக்காரர் பார்த்தார். "டச்பேட் போச்சும்மா. மாத்தணும். 2,500 ரூபாய் ஆகும்" என்றார்.

திங்கட்கிழமை கல்லூரியில் செய்முறைத் திட்டம் ஒப்படைக்க வேண்டும். வீட்டில் மூன்றாவது கிடா ஒன்று கட்டிக் கிடந்தது.

"அதையும் பிடிச்சுக் குடுத்திடலாமா, கண்ணு?" என்று கேட்டார் அப்பா.

"ரெண்டு நாள் பொறுங்கப்பா. என்னன்னு பார்க்கிறேன்" என்றாள் மகள்.

டச்பேட் எப்படி உணர்கிறது?

டச்பேடுக்குள் கண் இல்லை. தராசும் இல்லை. மேல்தோலுக்கு அடியில் மெல்லிய கம்பிக் கோடுகள் குறுக்கும் நெடுக்குமாக ஓடுகின்றன, தறியில் பாவும் ஊடையும் போல. அவற்றில் மிகச் சிறிய அளவு மின்சாரம் தேங்கி நிற்கிறது. நம் உடம்பும் மின்சாரத்தை ஏற்கும். விரல் பக்கத்தில் வந்ததும் அந்த இடத்தில் தேக்கம் மாறும். எந்தக் குறுக்குக் கோட்டில், எந்த நெடுக்குக் கோட்டில் மாறியது என்று பார்த்தால் விரல் இருக்கும் இடம் தெரிந்துவிடும்.

நகத்தால் தொட்டால் அம்பு அசையாததும், ஈரக் கையால் தொட்டால் தடுமாறுவதும் இதனால்தான்.

இந்தத் தொழிலில் பெயர் பெற்ற சினாப்டிக்ஸ் கம்பெனியை 1986-ல் தொடங்கியவர்கள் இருவர். ஒருவர் பெதரிக்கோ பாஜின். 1971-ல் இன்டெல் கம்பெனி வெளியிட்ட 4004 என்ற நுண் சில்லின் வடிவமைப்பை முன்நின்று நடத்தியவர். மற்றவர் கார்வர் மீட் என்ற பேராசிரியர். 1994-ல் ஆப்பிள் கம்பெனியின் பவர்புக் 500 வரிசையில் டச்பேட் வந்தது. அதுவரை பல லேப்டாப்புகளில் உருட்டுப் பந்துதான் இருந்தது.

விரல் இருக்கும் இடம் தெரிந்தால் போதுமா? போதாது. அந்தச் சேதி கம்ப்யூட்டரின் மூளைக்குப் போய்ச் சேர வேண்டும். எந்த வழியில் போகிறது என்பதில்தான் கதையே இருக்கிறது.

நான்கு வழிகள்

கம்ப்யூட்டருக்குள் சேதி போகும் பாதைக்கும் 'பஸ்' என்றுதான் பெயர். மேட்டூர் போகும் பஸ் அல்ல! ஆனால் அதுவும் பல பேரை ஏற்றிச் செல்லும் வண்டிதான். டச்பேடின் சேதி ஏறும் முக்கியமான பஸ்கள் நான்கு.

முதலாவது, பி.எஸ்.-2. ஐ.பி.எம். கம்பெனி 1987-ல் கொண்டு வந்தது. அந்த நாளில் மவுசுக்கும் விசைப்பலகைக்கும் வட்டமான செருகு முனை இருக்குமே, அதேதான். வட்ட முனை போய்விட்டது. ஆனால் பல லேப்டாப்புகளுக்குள்ளே அந்தப் பழைய பாதை இன்னும் ஓடுகிறது. இது மெதுவான பஸ்.

இரண்டாவது, ஐ-ஸ்கொயர்-சி. பிலிப்ஸ் கம்பெனி 1982-ல் உருவாக்கியது. இரண்டே கம்பிகள். ஒரே தெருவில் பல வீடுகள் போல, அந்த இரண்டு கம்பிகளில் பல சில்லுகள் தொங்கும். ஒவ்வொன்றுக்கும் கதவு எண் உண்டு.

மூன்றாவது, எஸ்.எம்.பஸ். இது இரண்டாவதின் தம்பி. 1995-ல் வந்தது. பேட்டரியில் எவ்வளவு மின்சாரம் மீதி என்பது போன்ற வீட்டு வேலைகளுக்காகப் பிறந்தது. பிற்பாடு டச்பேடையும் ஏற்றிக்கொண்டது.

நான்காவது, எல்லோருக்கும் தெரிந்த யு.எஸ்.பி. 1996-ல் வந்தது.

வெளியே பார்த்தால் எல்லா டச்பேடும் ஒரே சதுரம். உள்ளே எந்த பஸ் என்பது வெளியே தெரியாது. லினக்ஸ்தான் கண்டுபிடிக்க வேண்டும்.

துண்டுக்குள்ளே ஒரு கேள்வி

லினக்ஸை 1991-ல் தொடங்கியவர் லைனஸ் டோர்வால்ட்ஸ் என்ற பின்லாந்து மாணவர். அப்போது அவருக்கு வயது 21. இன்று உலகெங்கும் ஆயிரக்கணக்கானவர்கள் அதைத் திருத்தியும் வளர்த்தும் வருகிறார்கள். ஒவ்வொரு கருவியோடும் பேசத் தெரிந்த சிறு நிரல்கள் அதில் உண்டு. அவற்றை 'டிரைவர்' என்பார்கள்.

பி.எஸ்.-2 பாதையில் நிற்கும் டிரைவருக்கு ஒரு சங்கடம். எதிரே இருப்பது சாதாரண மவுசா, டச்பேடா என்று தெரியாது. "நீ யார்?" என்று கேட்டால், எல்லாமே "நான் மவுஸ்" என்றுதான் சொல்லும்.

ஏன் அப்படி? பழைய கம்ப்யூட்டர்களுக்கு மவுஸ் மட்டும்தான் தெரியும். அவற்றோடும் ஒத்துப்போக வேண்டும் என்பதற்காக டச்பேட் மவுஸ் வேஷம் போடுகிறது.

வேஷத்தைக் கலைப்பது எப்படி? இங்கேதான் துண்டுக்குள் விரல் பிடிக்கும் வித்தை வருகிறது!

சக்கரம் வைத்த மவுசைப் பாருங்கள். டிரைவர் அதனிடம், "நொடிக்கு 200 தடவை சேதி சொல்" என்கிறது. உடனே, "இல்லை, 100 தடவை" என்கிறது. உடனே, "இல்லை, 80 தடவை" என்கிறது. பிறகு, "உன் எண் என்ன?" என்று கேட்கிறது.

சாதாரண மவுஸ் ஒன்றும் புரியாமல் "0" என்கும். சக்கரம் உள்ள மவுசோ, 200, 100, 80 என்ற வரிசையைக் கேட்டதும் சமிக்ஞையைப் புரிந்துகொண்டு "3" என்கும். வெளியே பார்த்தால் வெறும் வேகக் கட்டளைகள். உள்ளே ரகசியக் கேள்வி.

சினாப்டிக்ஸ் டச்பேடுக்கு வேறு விரல் கணக்கு. நுணுக்க அளவை மாற்றும் கட்டளையை நான்கு முறை, அதனதன் எண்ணோடு அனுப்ப வேண்டும். பிறகு "உன் நிலை என்ன?" என்று கேட்க வேண்டும். மூன்று எண்கள் பதிலாக வரும். நடு எண் 47 என்றால், ஆள் அகப்பட்டார்! இந்த 47 நாம் எண்ணும் 47 அல்ல. பதினாறு பதினாறாக எண்ணும் கம்ப்யூட்டர்க் கணக்கில் வரும் 47. நம் கணக்கில் 71.

எலான்டெக் டச்பேடுக்கு இன்னொரு கணக்கு. ஒரே அளவுக் கட்டளையை மூன்று முறை சொல்லிவிட்டு நிலையைக் கேட்க வேண்டும். ஆல்ப்ஸ் டச்பேடுக்கு மற்றொன்று. டிரைவர் ஒவ்வொரு விரலாகப் பிடித்துப் பார்க்கிறது. யார் சரியான பதில் தருகிறாரோ, அவர் மொழியில் பேசத் தொடங்குகிறது.

தட்டக் கூடாத கதவுகள்

ஐ-ஸ்கொயர்-சி தெருவில் இந்த வித்தை செல்லாது. அங்கே கண்ட கதவைத் தட்டக் கூடாது.

காரணம் இருக்கிறது. ஒரு காலத்தில் ஒரு நிரல், வெப்பமானியைத் தேடி எல்லாக் கதவுகளையும் தட்டியது. சில லேப்டாப்புகளில் அந்தக் கதவுக்குப் பின்னால் முக்கியமான நினைவுச் சில்லு இருந்தது. தட்டிய தட்டில் அதில் எழுதியிருந்தது அழிந்தது. லேப்டாப் எழுந்திருக்கவே இல்லை!

ஆகவே இங்கே தட்டுவதில்லை. முகவரிப் பட்டியலைப் பார்க்கிறார்கள். லேப்டாப்பைச் செய்தவர்கள், உள்ளே என்னென்ன சில்லு, எந்தக் கதவு எண் என்று ஒரு அட்டவணை எழுதி வைக்கிறார்கள். அதற்கு ஏ.சி.பி.ஐ. என்று பெயர். 1996 முதல் இந்த வழக்கம். அந்த அட்டவணையில் ஒரு கருவிக்குப் பக்கத்தில் பி.என்.பி.0சி50 என்ற குறி இருந்தால், "இது ஐ-ஸ்கொயர்-சி வழியே சேதி சொல்லும் கருவி" என்று பொருள். லினக்ஸ் நேரே அந்தக் கதவுக்குப் போய், கருவியின் 30 பைட் நீளமுள்ள விவரக் குறிப்பை வாங்கிப் படித்துக்கொள்கிறது. பைட் என்றால் ஓர் ஆங்கில எழுத்தளவு சேதி.

இந்தப் பாதைக்கான டிரைவர் 2013-ல் லினக்ஸில் சேர்ந்தது. எழுதியவர் பெஞ்சமின் டிஸ்வார்.

இரண்டு வாசல் வீடு

இப்போது மேச்சேரிப் பெண்ணின் கதைக்கு வருவோம்.

கல்லூரி ஆய்வகத்தில் இருந்த ஐயா ஒருவர் அவளிடம் சொன்னார்: "கருவி கெட்டதா என்று கடைக்காரரைக் கேட்காதே அம்மா. லினக்ஸையே கேள். அது நாட்குறிப்பு எழுதுகிறது. படித்துப் பார்."

டி, எம், இ, எஸ், ஜி என்று ஐந்து எழுத்துகளை அடித்தால் அந்த நாட்குறிப்பு திரையில் வரும். இரவு சாப்பாட்டுக்குப் பிறகு உட்கார்ந்து வரி வரியாகப் படித்தாள்.

ஓர் இடத்தில், "டச்பேடோடு ஒத்திசைவு தவறிவிட்டது. ஒரு பைட்டை எறிகிறேன்" என்று பொருள்படும் வரி. மறுபடியும் அதே வரி. அம்பு துள்ளிய காரணம் அதுதான்.

இன்னும் மேலே போனாள். அங்கே ஒரு வரி! "உங்கள் டச்பேட் வேறொரு பஸ்ஸிலும் பேச முடியும் என்று சொல்கிறது. இந்த விருப்பத்தை 1 என்று வைத்துப் பாருங்கள். முடிவை எங்களுக்கு எழுதுங்கள்."

அவள் எழுந்து அப்பாவிடம் ஓடினாள்.

"அப்பா, டச்பேட் கெடலைங்கப்பா. அதுக்கு ரெண்டு வாசல் இருக்கு. லினக்ஸ் பழைய வாசல்லயே நின்னு பேசிட்டிருக்கு."

"ஏன் கண்ணு, புது வாசல் அதுக்குத் தெரியாதா?"

"தெரியுங்கப்பா. ஆனா நாம சொல்லாம உள்ளே போகப் பயப்படுது."

"நல்ல தரகன்தான்" என்று சிரித்தார் அப்பா. "தெரியாத வீட்டுப் பட்டியில கை வைக்க மாட்டான்."

பயம் ஏன்?

அந்த வகை டச்பேட் முதலில் பி.எஸ்.-2 வாசலில்தான் நிற்கிறது. டிரைவர் துண்டுக்குள் விரல் பிடித்து, "உனக்கு என்னென்ன தெரியும்?" என்று கேட்கிறது. "எனக்கு எஸ்.எம்.பஸ்ஸும் தெரியும்" என்று அது பதில் சொல்கிறது.

பி.எஸ்.-2 பாதையில் அது அதிகம் போனால் நொடிக்கு 80 தடவை, தடவைக்கு 6 பைட் அனுப்பும். ஒரு விரலுக்கு அது போதும். மூன்று நான்கு விரல்களுக்குப் போதாது. எஸ்.எம்.பஸ்ஸில் தாராளமாக இடம் உண்டு.

அப்படியானால் உடனே மாற வேண்டியதுதானே? இல்லை. டச்பேட் "தெரியும்" என்று சொன்னால் மட்டும் போதாது. அந்தப் பக்கம் கேட்பவரும் இருக்க வேண்டும். விரல் பட்டதும், "இதோ பார்" என்று டச்பேட் கூப்பிடும் அழைப்பை, தாய்ப் பலகையில் உள்ள எஸ்.எம்.பஸ் சில்லு ஏற்க வேண்டும். சில லேப்டாப்புகளில் அது ஏற்பதில்லை. அங்கே மாறினால் இருக்கும் வசதியும் போய்விடும். அரைகுறையாக ஓடுவது மேலா, அடியோடு நிற்பது மேலா?

அதனால் லினக்ஸ்காரர்கள் ஒரு பட்டியல் வைத்திருக்கிறார்கள். சோதித்துச் சரி என்று தெரிந்த டச்பேட் குறி எண்கள் அதில் உண்டு. அந்த எண் இருந்தால் தானாக மாறும். இல்லாவிட்டால் பழைய வாசலிலேயே நின்று, உங்களுக்கு ஒரு குறிப்பு எழுதி வைக்கும்.

அந்தப் பட்டியல் எப்படி வளர்ந்தது? எங்கெங்கோ இருப்பவர்கள், "என்னுடையதில் வைத்துப் பார்த்தேன், வேலை செய்கிறது" என்று எழுதிய கடிதங்களால் வளர்ந்தது.

நீங்களே பார்க்கலாம்

உங்கள் வீட்டு லேப்டாப்பிலும் லினக்ஸ் இருக்கலாம். தமிழ்நாட்டில் 2011 செப்டம்பர் 15-ந் தேதி, அண்ணா பிறந்த நாளில், மாணவர்களுக்கு இலவச லேப்டாப் தரும் திட்டம் தொடங்கியது. அப்போது வந்தவற்றில் விண்டோஸோடு பாஸ் என்ற லினக்ஸும் இருந்தது. அது நம் நாட்டு அரசாங்க நிறுவனமான சி-டாக் உருவாக்கியது.

உங்கள் டச்பேட் எந்த பஸ் என்று அறிய, 'ப்ராக்' என்ற அறைக்குள் 'பஸ்', அதற்குள் 'இன்புட்', அதற்குள் 'டிவைசஸ்' என்ற கோப்பைத் திறந்து பாருங்கள். டச்பேட் பெயருக்கு மேல் வரியில் பஸ் எண் இருக்கும்.

0011 என்றால் பி.எஸ்.-2.

0018 என்றால் ஐ-ஸ்கொயர்-சி.

0003 என்றால் யு.எஸ்.பி.

001 என்று போட்டுக் கடைசியில் ஆங்கில 'டி' எழுத்து இருந்தால், சினாப்டிக்ஸ் டச்பேட் எஸ்.எம்.பஸ் போன்ற புது வாசலுக்கு மாறிவிட்டது என்று பொருள்.

கோப்பைப் படிப்பதால் எதுவும் கெடாது. விருப்பத்தை மாற்றிப் பார்க்கும்போது மட்டும் கையில் ஒரு யு.எஸ்.பி. மவுஸ் வைத்துக்கொள்ளுங்கள். டச்பேட் நின்றாலும் அம்பு கைவிடாது.

கிடா தப்பியது

அவளும் அப்படித்தான் செய்தாள். தோழியிடம் ஒரு மவுசை இரவல் வாங்கினாள். பிஎஸ்மவுஸ் என்ற டிரைவரை இறக்கினாள். 'சினாப்டிக்ஸ் இன்டர்டச்' என்ற விருப்பத்தை 1 என்று வைத்து மறுபடி ஏற்றினாள். இது தற்காலிக மாற்றம்தான். சரிப்படாவிட்டால் லேப்டாப்பை அணைத்துப் போட்டால் பழைய நிலை திரும்பிவிடும்.

விரலை வைத்தாள். அம்பு துள்ளவில்லை. இரண்டு விரலால் தடவினாள். பக்கம் வழுக்கிக்கொண்டு ஓடியது. மூடித் திறந்தாள். உயிரோடு இருந்தது. கோப்பைத் திறந்து பஸ் எண்ணைப் பார்த்தாள். 0011 போய், கடைசியில் 'டி' வந்திருந்தது.

லேப்டாப் தொடங்கும்போதே அந்த விருப்பம் வரும்படி நிரந்தரமாக எழுதி வைத்தாள். திங்கட்கிழமை வேலையை ஒப்படைத்தாள்.

செலவு? ஒரு பைசா இல்லை.

அன்று மாலை இன்னொரு காரியம் செய்தாள். தன் டச்பேடின் குறி எண்ணை எழுதினாள். நாட்குறிப்பு வரிகளைச் சேர்த்தாள். "வைத்துப் பார்த்தேன். வேலை செய்கிறது. மூடித் திறந்தாலும் சரியாக இருக்கிறது" என்று நாலு வரி ஆங்கிலத்தில் எழுதி, லினக்ஸ்காரர்கள் கேட்ட முகவரிக்கு மின்னஞ்சல் அனுப்பினாள்.

"அதனால நமக்கு என்ன கண்ணு?" என்று கேட்டார் அப்பா.

"நமக்கு ஒண்ணும் இல்லைங்கப்பா. இதே மாதிரிப் பழைய லேப்டாப்பை இன்னொரு ஊர்ல இன்னொருத்தர் வாங்குவாங்க. அவங்க கிடாவை விற்க வேண்டாமில்ல."

அப்பா பேசவில்லை. வாசலில் கட்டிக் கிடந்த கிடாவுக்கு ஒரு பிடி தழை எடுத்துப் போட்டார்.

ஒரு கருவி தடுமாறினால் உடனே தூக்கி எறியாதீர்கள். கெட்டுவிட்டது என்று ஒருவர் சொன்னதும் பணத்தை எடுக்காதீர்கள். முதலில் அது என்ன சொல்கிறது என்று படித்துப் பாருங்கள். கருவி நன்றாகவே இருக்கலாம். கூப்பிட்ட வாசல் மாறிப் போயிருக்கலாம்!